பாதிக் கிதாபு

பத்தொன்பது வருடங்களில் ஒன்பது மதரஸாக்கள். 1984 டிசம்பர் முதல் வாரத்தில் நத்தர்ஷா ஹஜ்ரத்தின் நிலவரம் அதுதான். ராசிபுரத்தில் பருப்பில் உப்பில்லை என்று கிளம்பினார். தருமபுரியில் லீவு கேட்டபோது செயலாளர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம், அதற்காகக் கிளம்பினார். அரூரில் காரணமே சொல்லவில்லை. அஸர் தொழுதார், பெட்டியைத் தூக்கினார், பஸ் ஏறிவிட்டார். ஆத்தூரில் இருந்த மனைவி ஜைத்தூன், அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று யாரிடமாவது விசாரித்த பிறகுதான் கவரில் விலாசம் எழுதுவாள். “உங்க பொட்டிக்குக் கால் மொளைச்சிருக்கு” என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்.

நிர்வாகிகள் நடுவே அவருக்குக் கோபக்கார ஹஜ்ரத் என்று பெயர். நன்றாக ஓதிக்கொடுப்பார், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். அவர் அதை மறுத்ததில்லை. அந்தப் பெயர் அவருக்கு வசதியாக இருந்தது.

ஏற்காட்டுக்கு அவர் வந்தது 1983 ஜூலையில். செம்மநத்தம் போகும் பாதையில், மிளகு காப்பி வியாபாரி மஸ்தான் ராவுத்தர் தன் தோட்டத்துப் பழைய பங்களாவை ஓதும் பிள்ளைகளுக்கென்று விட்டிருந்தார். இருபத்தேழு மாணவர்கள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, ஓதினார்கள். பங்களாவுக்கு முன்னால் காப்பிப் பழம் காயப்போடும் சிமெண்டுக் களம். பின்னால் சில்வர் ஓக் மரங்கள். மழை நாட்களில் பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும்.

முதல் வருடம் அவருக்கு அரபி இலக்கண வகுப்பு கிடைத்தது. ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாம் வருடம் மேல் வகுப்புக்குப் பெரிய கிதாபை எடுக்கச் சொன்னார்கள். தொழுகை, நோன்பு, ஜக்காத்து, ஹஜ், நிக்காஹ், தலாக், வியாபாரம் என்று மார்க்கச் சட்டத்தை வரிசையாகச் சொல்லும் பழைய அரபி நூல் அது. நூற்றாண்டுகளாக மதரஸாக்களில் ஓதப்பட்டு வருவது. கிதாபைப் புதன்கிழமை தொடங்குவது வழக்கம். அன்று தொடங்கினால் முடியாமல் நிற்காது என்று ஹஜ்ரத்துகள் நம்பினார்கள். நத்தர்ஷா இதற்கு முன் எட்டு ஊர்களிலும் புதன்கிழமைதான் தொடங்கினார். எட்டிலும் முடிக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நிக்காஹ் பகுதி முடிந்து தலாக் பகுதி தொடங்க வேண்டிய வாரத்தில் அவருக்குக் கோபம் வந்தது.

காரணம் 1965இல் இருந்தது.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன மதரஸாவில், மீரான் ஹஜ்ரத்திடம் இந்தக் கிதாபை ஓதிக்கொண்டிருந்தார். வகுப்பில் பதினொரு பேர். ஒரு செவ்வாய்க்கிழமை நிக்காஹ் பகுதி முடிந்தது. மீரான் ஹஜ்ரத் கிதாபை மூடினார். “நாளைக்குப் புதன். தலாக்கை நாளைக்கு ஆரம்பிப்போம்” என்றார். விடிந்தபோது அவர் படுக்கையிலேயே மௌத்தாகியிருந்தார்.

பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் இருபது நாள். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. கொழும்பிலிருந்து வரும் விருந்தாளி டிக்கெட் எடுத்துவிட்டார். வேறு ஹஜ்ரத் கிடைக்கவில்லை. நிர்வாகிகள் கூடிப் பேசி, பதினொரு பேருக்கும் தலைப்பாகை கட்டி, கிதாபு முழுவதையும் ஓதி முடித்தவர்கள் என்று ஸனது எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற பத்துப் பேருக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. ஒருவர் பினாங்கு போனார், ஒருவர் இரும்புக்கடை வைத்தார், சிலர் இமாம்கள் ஆனார்கள்.

நத்தர்ஷாவுக்கு உறுத்தியது. அந்தப் பின்பாதியை அவர் தனியாக இருபது முறையாவது படித்திருப்பார். பொருளும் புரியும். ஆனால் மதரஸாவில் படிப்பது வேறு, ஓதுவது வேறு. உஸ்தாதின் முன்னால் உட்கார்ந்து வரிவரியாக வாசித்து, அவர் ‘ம்’ என்ற பிறகே அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமை வரும். மீரான் ஹஜ்ரத் ஒவ்வொரு பெரும் பகுதியைத் தொடங்கும்போதும், ‘நான் இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார்’ என்று நூலை எழுதியவர் வரைக்கும் பெயர்களை அடுக்கிச் சொல்லிவிட்டுத்தான் முதல் வரியை வாசிப்பார். நத்தர்ஷாவும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தலாக் பகுதிக்கு முன்னால் மீரான் ஹஜ்ரத்தின் பெயரைச் சொன்னால் பொய். சொல்லாவிட்டால் மாணவர்கள் ஏன் என்பார்கள். அதனால்தான் பருப்பில் உப்பு குறைந்தது.

ஏற்காட்டில் ஒரு புது இக்கட்டு. மஸ்தான் ராவுத்தரோடு சண்டை போட முடியவில்லை.

நவம்பர் கடைசியில் நத்தர்ஷா, போர்வை மெல்லிசாக இருக்கிறது, இப்படியா ஒரு ஆலிமை வைத்திருப்பது என்று சத்தம் போட்டார். மறுநாள் சேலத்திலிருந்து இரண்டு கம்பளி வந்தது. கஞ்சி தண்ணியாக இருக்கிறது என்றார். கஞ்சிக்குப் பால் வந்தது. வகுப்பு மாறும்போது அடித்த மணி, பக்கத்து எஸ்டேட்டில் ஆட்களைக் கூப்பிடப் பயன்பட்ட பழைய மணி. கூலி ஆள் மாதிரி மணிக்கு ஓட வேண்டுமா என்று கேட்டார். ராவுத்தர் தானே ஸ்டூல் போட்டு ஏறி மணியைக் கழற்றினார்.

“வேற ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லுங்க ஹஜ்ரத்” என்றார், ஸ்டூலில் நின்றபடியே.

நத்தர்ஷாவுக்கு அழுகை வராத குறை.

நிக்காஹ் பகுதியை இழுத்தார். மஹர் என்னும் மணக்கொடை பற்றிய ஒரு பக்கத்தை ஒன்பது நாள் நடத்தினார். வகுப்பில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடியது. எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்ப வருவார், மறுபடி போவார். இனி இழுக்க வரி இல்லை என்றான டிசம்பர் 10, திங்கட்கிழமை, ராவுத்தரின் கடைக்கே போனார்.

“எனக்கு இந்த சீதோஷ்ணம் ஒத்துக்கலை. நாளைக்குப் போறேன்.”

“குளிருங்களா? அறைக்கு ஒரு கரியடுப்பு வெச்சுத் தரட்டுங்களா?”

“வேண்டாம்!”

“ஊட்டுக்காரங்களை வரச் சொல்லுங்க. பின்னால ஒரு ஊடு சும்மாதானே கெடக்குது?”

இந்த மனிதரிடமிருந்து தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. “அல்லாஹ்மேல ஆணையா, இனி உங்க மதரஸாவுல நான் ஒரு பாடம்கூட எடுக்க மாட்டேன்” என்றார் நத்தர்ஷா. கடையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ராவுத்தர் முகம் சுருங்கிப்போனது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மதரஸாவுக்குப் பால் ஊற்றி, களத்துக் காப்பியையும் பார்த்துக்கொள்ளும் கிளியூர் ஐயாக்கண்ணு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். போன வருடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அதைக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

“எறக்குனதும் நானுங்க, ஏத்துறதும் நானுங்க” என்றான் ஐயாக்கண்ணு. “உள்ள என்னங்க சாயபு, கல்லா?”

“கிதாபு.”

“அத்தனையும் படிச்சாச்சுங்களா?”

நத்தர்ஷா வேகமாக நடந்தார். ஏரியை நெருங்கும்போது மழை பிடித்தது. பொடித்தூறல் என்று நினைத்தது பத்து நிமிடத்தில் கொட்டத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நின்றது, பஸ் இல்லை. மலைப்பாதையில் எட்டாவது வளைவுக்கு மேலே பாறை விழுந்திருக்கிறது, இன்றைக்கு வண்டி கிடையாது என்றார்கள். நத்தர்ஷா ஒரு மணி நேரம் கடை ஓரத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததை அப்போதுதான் ஐயாக்கண்ணு பார்த்தான்.

“சாயபு, கிதாபு குளிக்குதுங்க.”

வேறு வழியில்லை. நனைந்தபடி திரும்பி நடந்தார்கள். மணி இல்லாத கொக்கி மட்டும் தொங்கிய வாசல் வழியாக நத்தர்ஷா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

புதன்கிழமை நல்ல வெயில். பழத்தை ஓரமாக ஒதுக்கிக் களத்தில் இடம் பண்ணிக்கொடுத்தான் ஐயாக்கண்ணு. சாக்கு விரித்து, கிதாபுகளைத் திறந்து வைத்து, நான்கைந்து பக்கமாகப் பிரித்துக் காற்றுக்குக் காட்ட வேண்டியிருந்தது. உதவிக்குக் குத்புத்தீன் வந்தான். கீழ் வகுப்புகளை எடுக்கும் இளைய ஆசிரியன். பள்ளப்பட்டிக்காரன், வயது இருபத்து நான்கு. பெரிய அரபிக் கல்லூரி ஒன்றில் ஓதிவிட்டு நேரே இங்கே வந்தவன். கையில் வாட்ச், சாயங்காலம் மாணவர்களோடு வாலிபால். நத்தர்ஷா அவனை ‘தம்பி’ என்பதற்கு மேல் எதுவும் கூப்பிட்டதில்லை.

“நீ போ தம்பி, நான் பாத்துக்கறேன்.”

“ரெண்டு கை பத்தாது ஹஜ்ரத்.” குத்புத்தீன் பெரிய கிதாபின் பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

முன்பாதி முழுக்க பென்சில் எழுத்து. வரிக்கு நடுவே, ஓரத்தில், மூலையில், அரபி எழுத்தில் எழுதிய தமிழ்க் குறிப்புகள். இடமில்லாமல் சில குறிப்புகள் பக்கத்தைச் சுற்றி வளைந்து போயின. குத்புத்தீன் ஆசையோடு பிரித்துக்கொண்டே போனான். நிக்காஹ் பகுதியின் கடைசிப் பக்கத்தைத் தாண்டினான். அடுத்த பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கடுத்த பக்கத்திலும் இல்லை. பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தான். இருபது பக்கம் தள்ளிப் பார்த்தான்.

ஐயாக்கண்ணு எட்டிப் பார்த்தான். “இந்தப் பக்கம் நல்லா உழுதிருக்குதுங்க. அந்தப் பக்கம் தரிசாவே கெடக்குதுங்களே?”

நத்தர்ஷா எழுந்தார். களத்தை ஒருமுறை சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார். குத்புத்தீன் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் கத்தியிருக்கலாம்.

மூன்றாவது சுற்றில் நத்தர்ஷா அவனருகே நின்றார். “மீரான் ஹஜ்ரத் செவ்வாய்க்கிழமையோட போயிட்டார்” என்றார். பிறகு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். நோட்டீஸ், கொழும்பு விருந்தாளி, தலைப்பாகை, எட்டு ஊர். பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஐயாக்கண்ணு சாலைப் பக்கம் போய்விட்டு ஓடிவந்தான். “ஏனுங்க சாயபு, பாறையை எடுத்துட்டாங்களாமா. ரெண்டு மணிக்கு வண்டி. பொட்டிய கட்டட்டுங்களா?”

நத்தர்ஷா கிதாபைத் தொட்டுப் பார்த்தார். “இன்னும் காயலை.”

“காஞ்சது மேல வெச்சு ஈரத்த அடியில வெச்சா...”

“காயலைங்கறேன்ல!”

ஐயாக்கண்ணு பழத்தைத் துழாவப் போய்விட்டான். குத்புத்தீன் மெதுவாகச் சொன்னான்: “நான் முழுசா ஓதியிருக்கேன் ஹஜ்ரத். கடைசி வரி வரைக்கும்.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்லை. சொன்னேன்.”

“என் வயசுல பாதியத்தான் தாண்டியிருக்கே, உன் முன்னால நான் உக்காரணுமா? அதுவுமில்லாம நான் சத்தியம் பண்ணிட்டேன். ராவுத்தர்கிட்ட, கடை நிறைய ஆளுங்க முன்னால.”

“என்னன்னு சத்தியம் பண்ணீங்க?”

“இங்க ஒரு பாடம்கூட எடுக்க மாட்டேன்னு.”

“எடுக்க மாட்டேன்னுதானே? ஓத மாட்டேன்னு சொல்லலையே” என்றான் குத்புத்தீன்.

சட்டம் படித்தவனிடம் மாட்டிக்கொண்டோம் என்று நத்தர்ஷாவுக்குத் தெரிந்தது. அவன் சொன்னதில் ஓட்டை தேடினார். இல்லை. மறுபடியும் களத்தைச் சுற்றினார். வளைவில் ஏறும் லாரியின் ஹாரன் எங்கோ கேட்டது. வாட்ச்சைக் காட்டச் சொல்லி நேரம் பார்த்தார். மணி பதினொன்றே கால். இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ஆத்தூர். ரம்ஜானுக்குப் பிறகு பத்தாவது மதரஸா. அங்கேயும் ஒரு புதன்கிழமை, அங்கேயும் ஒரு பருப்பு.

குத்புத்தீன் உள்ளே போய் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டான், இருவரும் சமமாக உட்காரலாம் என்று. நத்தர்ஷா அந்தப் பெஞ்சைப் பார்த்தார். பிறகு கீழே சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஈரமான கிதாபை மடியில் வைத்தார்.

“நீ மேல உக்காரு” என்றார்.

“ஹஜ்ரத், அது...”

“முறைன்னா முறை. உக்காரு.”

குத்புத்தீன் பெஞ்சின் நுனியில், விழுந்துவிடுவான் போல உட்கார்ந்தான். நத்தர்ஷா வெள்ளைப் பக்கத்தின் முதல் வரியை வாசித்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“‘ம்’ சொல்லு” என்றார் நத்தர்ஷா.

“ம்.”

இரண்டு மணி பஸ் இரண்டு மணிக்குப் போனது.

அடுத்த மூன்று வாரம், விடியற்கால ஸுப்ஹு தொழுகை முடிந்து நாஷ்டாவுக்குக் கூப்பிடும் வரை இருவரும் களத்தில் உட்கார்ந்தார்கள். குத்புத்தீன் பெஞ்சில் உட்காரப் பழகியதும் கறாரானான். நத்தர்ஷா அவசரமாக வாசித்தால் நிறுத்தினான். “இதை நீங்களா யோசிச்சது, அதை விட்டுருங்க. கிதாபு சொல்றதை மட்டும் சொல்லுங்க” என்பான். நத்தர்ஷாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறும். எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அவன் சொன்னதைப் பென்சிலில் எழுதிக்கொள்வார். முழங்கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை.

மேல் வகுப்பு சும்மா இருந்தது. ஹஜ்ரத் போகவும் இல்லை, பாடம் எடுக்கவும் இல்லை. ராவுத்தர் ஒருமுறை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, காப்பி எப்படிக் காய்கிறது என்று ஐயாக்கண்ணுவிடம் விசாரித்துப் போய்விட்டார். மாணவர்கள் கிதாபையும் பெஞ்சையும் பார்த்தார்கள். பெரிய ஹஜ்ரத் முதுகு வலியால் கீழே உட்கார்ந்து சின்ன ஹஜ்ரத்துக்கு ஏதோ சொல்லிக்கொடுக்கிறார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஒருவன் குத்புத்தீனிடமே, “பெரிய ஹஜ்ரத் உங்களையும் திட்டுறாரா?” என்று கேட்டான். குத்புத்தீன் சிரித்துவிட்டுப் போனான். நத்தர்ஷாவின் காதிலும் அது விழுந்தது. அவர் திருத்தவில்லை. அன்றைக்கு மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் கடைசியில் குத்புத்தீன் சொன்னான்: “வகுப்புக்கு நாப்பது பக்கம் முன்னால இருக்கோம். நீங்க ஆரம்பிக்கலாம். மீதியை ஓதிக்கிட்டே போகலாம்.”

“சத்தியம்?”

“முறிச்சுட்டு, அதுக்கு உண்டானதைக் கொடுங்க. ஏழைங்க பத்துப் பேருக்கு ரெண்டு வேளைச் சோறு.”

“முந்தியே போட்டுடறேன்.”

“முந்திப் போட்டா நம்ம மத்ஹபுச் சட்டத்துல செல்லாது. முறிச்ச பிறகுதான். நீங்களே மாணவனா இருந்தப்ப...” குத்புத்தீன் நிறுத்திக்கொண்டான். சத்தியம் பற்றிய பாடம் தலாக்குக்குப் பின்னால்தான் வருகிறது.

1985 ஜனவரி 2, புதன்கிழமை. ஒன்பது மணிக்கு மேல் வகுப்பு கூடியது. ஏழு பேர். நடுவே ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் குத்புத்தீன் கீழ் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தான். நத்தர்ஷா உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார். பஸ் ஒன்று கீழே இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிவந்து கிதாபைத் திறந்தார்.

மீரான் ஹஜ்ரத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. ஏழு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஜூலையிலிருந்து ஐந்து முறை கேட்டு அவர்களுக்கே மனப்பாடம். ஒருவன் உதட்டை அசைத்து அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

“நிக்காஹ் வரைக்கும் நான் மீரான் ஹஜ்ரத்கிட்ட ஓதினேன்” என்றார் நத்தர்ஷா. “அதுக்கு மேல அவர்கிட்ட ஓதலை. அவர் மௌத்தாயிட்டார். என் ஸனதுல முடிச்சதா எழுதியிருக்கு. அது தப்பு. இனி வர்றதை நான் குத்புத்தீன் ஹஜ்ரத்கிட்ட ஓதினேன். இன்னும் ஓதிக்கிட்டு இருக்கேன். அவர் அவரோட உஸ்தாதுகிட்ட ஓதினார்.” பிறகு குத்புத்தீன் சொல்லிக்கொடுத்த பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது.

முன்வரிசையில் இருந்தவன் கை தூக்கினான். “எந்தக் குத்புத்தீன் ஹஜ்ரத், ஹஜ்ரத்?”

“சாயங்காலம் உங்களோட பந்து ஆடுறாரே, அவர்தான்.”

யாரோ சிரித்தார்கள், சட்டென்று அடங்கினார்கள். நத்தர்ஷா காத்திருந்தார். எவனாவது எழுந்து போவான், எவனாவது ராவுத்தரிடம் ஓடுவான் என்று பார்த்தார். ஒருவன் பென்சிலைச் சீவினான். மற்றவர்கள் கிதாபைத் திறந்தார்கள். நத்தர்ஷா தலாக் பகுதியின் முதல் வரியை வாசித்தார். சத்தியம் முறிந்தது.

மதியம் ஐயாக்கண்ணுவைப் பிடித்தார். “நாளைக்கு கிளியூர்லருந்து இல்லாதவங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வா. காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. அதே ஆளுங்கதான் ரெண்டு தடவையும் வரணும்.”

“என்ன விசேஷமுங்க?”

“ஒரு சத்தியத்தை முறிச்சுட்டேன்.”

“அதுக்கு எங்களுக்குச் சோறுங்களா?” ஐயாக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். “நொம்ப நல்லதுங்க சாயபு. மாசம் ஒருக்கா முறிங்க.”

வியாழக்கிழமை பத்துப் பேரும் இரண்டு வேளையும் வந்து சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலை ஸுப்ஹுக்குப் பிறகு களத்தில் நத்தர்ஷாவுக்குப் பாடம். ஒன்பது மணிக்கு மேல் வகுப்புக்குப் பாடம்.